மேலேயிருந்து பார்த்தால் நெத்திலி மேடு

ஊர்மேசை வந்து இறங்கிய நாளிலிருந்து மூன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவில் காய்ச்சல், வயிற்றுவலி, மாமா கல்யாணம் எல்லாம் அடியோடு நின்றுபோயின. முப்பத்திரண்டு பிள்ளைகளும் மணி அடிக்கும் முன்பே ஆஜர். நாலு கேரம் போர்டுகளைச் சேர்த்துப் போட்ட அகலத்தில் வகுப்பின் நடுவே கிடக்கும் அந்த மேசையைத் தட்டினால் நகரம் எழும்பி வரும். சாக்பீஸ் உயரத்தில் வீடுகள், நூல் தடிமனில் தெருக்கள், எறும்பு வேகத்தில் பேருந்துகள். எல்லாம் அந்த நிமிடத்து நகரம். வெளியே தூறினால் மேசையிலும் தூறும்.

சுகிர்தா மிஸ்ஸுக்கும் மேசை பிடித்திருந்தது. பிடிக்காமல் என்ன? பதினோரு வருடம் தற்காலிக ஆசிரியையாக நாலு பள்ளிக்கூடம் மாறி அடிபட்டு, முப்பத்தொன்பது வயதில் நிரந்தர வேலை வாங்கியவள் அவள். தகுதிகாண் பருவம் முடிய இன்னும் இரண்டே மாதம். மேசையின் பத்துப் பாடங்களில் அதற்குள் வருவதையெல்லாம் பச்சையாக்கிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் மேசை ஓரத்தில் ஒரு பட்டை ஓடும். ஒவ்வொரு பிள்ளையும் விரல் வைக்க வைக்க அது வளரும். கடைசிப் பிள்ளையும் வைத்த பிறகுதான் பச்சை. ஒரே ஒரு பிள்ளை பாக்கி இருந்தாலும் ஆரஞ்சு. அந்த ஆரஞ்சைத் தலைமையாசிரியை தன் அறையில் இருந்தபடியே பார்ப்பார், அவருக்கு மேலே இருப்பவர்களும் பார்ப்பார்கள்.

ஆறாவது பாடம் மேல்தோற்றம். வாளியை மேலேயிருந்து பார்த்தால் வட்டம், பெஞ்சு நீள் சதுரம் என்று சொல்லிக்கொண்டே வந்து சுகிர்தா ஒரு கேள்வி போட்டாள்.

"அம்மாவ மேலேயிருந்து பாத்தா எப்படி இருப்பாங்க?"

வகுப்பு விழித்தது. சிலர் தங்கள் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது பெஞ்சில் ரஹீமாவுக்குப் பக்கத்தில் இருந்த மோனிஷா எழுந்தாள்.

"கொண்டையும் ரெண்டு கால் கட்டவெரலும் மிஸ்."

சுகிர்தா வாய்விட்டுச் சிரித்தாள். "மழைக் கைதட்டு!" என்றாள். அது அந்த வகுப்பின் வழக்கம். சரியான விடை சொன்ன பிள்ளைக்கு முதலில் உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டுவார்கள், பிறகு இரண்டு, மூன்று என்று ஏறி, ஐந்து விரலும் விழும்போது ஓட்டுக் கூரையில் அடைமழை பிடித்த சத்தம் வரும். யாரும் ஏவ வேண்டாம், சரியான விடை காதில் விழுந்தால் கை தானாகவே போகும். அப்படிப் பழக்கியது சுகிர்தாதான்.

ஏழாவது பாடத்தின் பெயர் 'என் கனவு ஊர்'. உப்புக் கால்வாயின் கரையில் ஒரு துண்டு நிலத்தை மேசை பெரிதாக்கிக் காட்டியது. அதில் பெயர் ஏதும் இல்லை. பெட்டி பெட்டியாய்ச் சாம்பல் நிறம், மேலே அங்கங்கே கூரையின் வண்ணம். ஓரத்தில் ஊஞ்சல், சறுக்குமரம், வாத்துக் குளம், ஐஸ் வண்டி. ஒரு பெட்டியைத் தொட்டால் அது மறைந்துவிடும், அந்த இடத்தில் பிடித்ததை இழுத்து வைக்கலாம். பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்? அரைமணி நேரத்தில் முப்பத்தொரு பேர் கால்வாய்க் கரையைத் திருவிழா ஆக்கிவிட்டார்கள்.

மோனிஷா மட்டும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மிஸ், இது எங்க வூடு மிஸ்."

"எது?"

"இதோ. நீலத் தார்ப்பா, அதுல மஞ்சத் துண்டு. அம்மா ஒட்டுப்போட்டுத் தெச்சது. மேல டயரு. காத்துல பிச்சிக்கினு போவாம இருக்க வெச்சது."

சுகிர்தா குனிந்து பார்த்தாள். நீலம், மஞ்சள், டயர். அந்தக் கணத்தில் அவள் மனதில் வந்தது பெருமை. போன வாரம் நடத்திய பாடத்தை ஒரு பிள்ளை இப்படிப் பிடித்துக்கொண்டால் எந்த டீச்சருக்குத்தான் பெருமை வராது?

"சூப்பர். கரெக்டா கண்டுபிடிச்சிட்ட. இப்போ அதத் தொடு."

"அழிஞ்சிடும் மிஸ்."

"இது படம்டா கண்ணு. சும்மா விளையாட்டு. உங்க வீடு எங்க ஓடிப் போகப் போகுது? சாயங்காலம் போய்ப் பாரு, அங்கேயேதான் இருக்கும்."

மோனிஷா அசையவில்லை. மதிய உணவு மணிக்குப் பத்து நிமிடம். பட்டை முப்பத்தொன்றில் நின்று ஆரஞ்சாய்ச் சிமிட்டியது. காலையிலேயே தலைமையாசிரியை பிரமிளா, "உங்க கிளாஸ் மட்டும்தான் பாக்கி" என்று இரண்டு முறை சொல்லியிருந்தார். சுகிர்தா மோனிஷாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். முரட்டுத்தனமாய் இல்லை, அரிசியில் முதல் எழுத்து எழுதப் பழக்குகிற மாதிரி இதமாகத்தான் பிடித்தாள். விரலைக் கொண்டுபோய் நீலத் தார்ப்பாய்மேல் வைத்தாள்.

வீடு மறைந்தது. "இப்போ உனக்குப் பிடிச்சதை வை," என்றதும் மோனிஷா கொஞ்ச நேரம் யோசித்து, ஓர் ஊஞ்சலை இழுத்து வைத்தாள். அது தெருவைப் பார்த்து நின்றது. அவள் அதைத் திருப்பிக் கால்வாயைப் பார்க்க வைத்தாள், படகு தெரியுமாம். பட்டை பச்சையானது. மழைக் கைதட்டு விழுந்தது.

மறுநாள் காலை மோனிஷா வாசலிலேயே காத்திருந்தாள். "மிஸ், வூடு அங்கியே கீது மிஸ்!"

"நான் சொன்னேன்ல?" என்றாள் சுகிர்தா. இருவரும் சிரித்தார்கள்.

பதினெட்டாம் நாள் மோனிஷாவின் அம்மா கஸ்தூரி பள்ளிக்கு வந்தாள். இறால் உரிக்கும் கொட்டகையிலிருந்து நேரே வந்திருந்தாள், கையில் அந்த வாடை. பின்னால் மோனிஷா. அவளுடைய கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது. கஸ்தூரி ஒரு காகிதத்தைச் சுகிர்தாவிடம் நீட்டினாள்.

"நாப்பத்தாறு வூட்லயும் ஒட்டிட்டுப் போயிட்டாங்க மிஸ். காலி பண்ணணுமாம். கடேசில எம் பொண்ணு பேரு போட்டுக்கீதாமே? பட்சவங்க சொல்றாங்க."

சுகிர்தா படித்தாள். கால்வாய்க் கரைப் பூங்காத் திட்டம். நெத்திலி மேட்டில் உள்ள கட்டுமானங்கள் பதினைந்து நாளில் அகற்றப்படும். கடைசி வரி: 'பகுதிவாழ் வருங்காலக் குடிமக்களின் ஒப்புதல் பெறப்பட்டது. க. மோனிஷா, மூன்றாம் வகுப்பு ஆ.'

"ஒதட்டுல என்ன?" என்றாள்.

"நாந்தான் அட்ச்சேன். மேடே சுத்தி நின்னு பாக்குது, உம் பொண்ணுதான் எய்திக் குட்த்தாளான்னு கேக்குது. அடிக்காம இன்னா மிஸ் பண்றது?" கஸ்தூரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இது இன்னா எய்திச்சுன்னு எனக்கு வெளங்கல. கேட்டா, மிஸ்ஸோட வெளையாண்டேன்னு சொல்லுது."

சுகிர்தா காகிதத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். அவர்களை உட்காரவைத்துவிட்டுத் தலைமையாசிரியை அறைக்கு ஓடி, சுற்றறிக்கைப் பதிவேட்டைப் புரட்டினாள். அந்தப் பதிவேடு தினமும் காலை வழிபாட்டின்போது வரிசையில் கை மாறும். கண்ணை மூடிப் பாடிக்கொண்டே ஆளாளுக்குக் 'கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் தள்ளுவார்கள். நாளைக்கு ஏழு சுற்றறிக்கை, எட்டு சுற்றறிக்கை வந்தால் எந்த மகராசி படிப்பாள்? இப்போது படித்தாள். ஏழாம் பாடம் பயிற்சி அல்ல, சட்டப்படியான கருத்தறிதல். இதை வகுப்பாசிரியர் பிள்ளைகளுக்கு முன்னதாக விளக்க வேண்டும். விளக்கியதற்குச் சான்றாக இங்கே கையொப்பமிட வேண்டும். கீழே பச்சை மையில் அவள் எழுத்து: கண்டேன், சுகிர்தா.

"எல்லாருந்தானே போட்டோம்," என்றார் பிரமிளா. "எனக்கு இத மட்டும் எப்படித் தெரியும்?"

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, அந்தக் காகிதத்தை அனுப்பிய வருங்கால ஆணையத்துக்குப் போனாள். அங்கே இருந்த கோகுலவாசன் என்ற அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. நல்ல பிள்ளை. நாற்காலியை இழுத்துப்போட்டு, டீ வரவழைத்து, பொறுமையாகச் சொன்னான்.

"சட்டம் நல்ல சட்டம் மேடம். ஒரு எடத்த மாத்துறதுன்னா, இன்னும் முப்பது வருஷம் கழிச்சு அங்க வாழப்போறவங்களக் கேக்கணும். அது யாரு? இப்ப பத்து வயசுக்குள்ள இருக்குற பசங்க. பெரியவங்களக் கேட்டா ஆளுக்கு ஒரு கட்சி பேசுவாங்க, பசங்க மனசுல உள்ளதச் சொல்லுவாங்க. அந்த ஏரியாவுல குடியிருக்குற ஒரு பிள்ளையாவது ஒத்துக்கணும்னு பாதுகாப்பு வேற வெச்சிருக்கோம்."

"அது ஒத்துக்கல சார். நான்தான் வெரலப் பிடிச்சு வெச்சேன். எல்லாரும் தொட்டாத்தானே பச்சை வரும்?"

கோகுலவாசன் அவளைக் கொஞ்சம் வியப்போடு பார்த்தான். "கீழ் ஓரத்துல சின்னதா ஒரு பொத்தான் இருக்குமே மேடம். 'சொல்ல விரும்பவில்லை'ன்னு. அதத் தொட்டாலும் பச்சை வந்திருக்குமே. சுற்றறிக்கையில போட்டிருந்தோமே."

சுகிர்தா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். ஆற அமர ஒரு நிமிடம் படித்திருந்தால் போதும். அவளுக்கும் பச்சை கிடைத்திருக்கும், பிள்ளைக்கும் வீடு இருந்திருக்கும். தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

"இப்போ என்ன பண்ணலாம் சார்?"

"ரெண்டு வழி இருக்கு. பசங்களுக்கு நான் விளக்கலன்னு நீங்க எழுதிக் குடுங்க. நாலு வரி போதும். அன்னிக்கே எல்லாம் ரத்து." கொஞ்சம் இழுத்தான். "ஆனா விளக்கினதா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பொய்ச் சான்று. நீங்க தகுதிகாண் பருவத்துல வேற இருக்கீங்க. வேலை நிக்காது."

"ரெண்டாவது?"

"சரிபார்ப்பு. நான் கிளாஸுக்கு வரேன். மேசைல அந்த வீட்டக் காட்டி, இது யார் வீடுன்னு பிள்ளைகிட்ட ஒரே ஒரு கேள்வி. தெரியலன்னு சொல்லிட்டா, புரியாம தொட்டிருக்குன்னு அர்த்தம். அதுவும் ரத்துதான். தெரியும்னு சொல்லிட்டா ஒப்புதல் உறுதி. இந்த வழில உங்க பேரு எங்கயும் வராது."

சுகிர்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரே ஒரு வார்த்தை: தெரியாது. அதை ஓர் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முடியாதா? இத்தனை வருடமாக வேறென்ன செய்துகொண்டிருக்கிறாள்? இரண்டாவது வழிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பேருந்தில் வரும்போதே முதல் வழிக்கான அந்த நாலு வரியையும் எழுதி, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நிலைமை கைமீறினால் கொடுத்துவிடலாம். அப்படி நினைக்க ஆறுதலாக இருந்தது.

நாலு நாள் மதிய இடைவேளையில் மோனிஷாவைத் தனியே உட்காரவைத்துப் பழக்கினாள்.

"ஒரு சார் வருவார். இது யார் வீடுன்னு கேப்பார். நீ என்ன சொல்லணும்?"

"எங்க வூடு."

"இல்லடா. தெரியாதுன்னு சொல்லணும்."

"எனக்குத் தெரியுமே மிஸ்."

"தெரிஞ்சாலும் தெரியாதுன்னு சொல்லு."

மோனிஷா உதட்டுக் காயத்தை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "யார் வந்து கேட்டாலும் எங்க வூடுன்னு கத்தணும்னு அம்மா சொல்லிக்கீது மிஸ். சொல்லாங்காட்டி இடிச்சிடுவாங்களாம்."

அது கஸ்தூரி மட்டும் சொல்லிக்கொடுத்தது இல்லை. நாற்பது வருடமாக நெத்திலி மேடு நின்றதே அந்த ஒரு வாக்கியத்தில்தான். அளக்க வந்தவன், இடிக்க வந்தவன், கணக்கெடுக்க வந்தவன், யார் வந்தாலும் மொத்த ஜனமும் வாசலுக்கு வந்து "இது எங்க வூடு" என்று நிற்கும். அங்கே பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் அம்மா, அப்பாவுக்கு அடுத்து அதைத்தான் பழக்குவார்கள். சுகிர்தாவுக்கு அது தெரியாது. நெத்திலி மேட்டுக்கு அவள் ஒரு தடவைகூடப் போனதில்லை, மேசையில் பார்த்ததோடு சரி. கஸ்தூரியிடம் பேசலாம் என்றால், அன்று விரலைப் பிடித்து வைத்தது யார் என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

"இந்தத் தடவை வேற மாதிரி கண்ணு," என்றாள். "இது ஒரு விளையாட்டு. தெரியாதுன்னு சொன்னா நீ ஜெயிச்ச."

மோனிஷா நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கும் வெளையாட்டுன்னுதான் மிஸ் சொன்னீங்க."

சுகிர்தாவுக்கு அறை வாங்கியதுபோல் இருந்தது. ஆனாலும் விடவில்லை. மறுபடி மறுபடி கேட்டாள். நாலாவது நாள் மோனிஷா "தெரியாது மிஸ்" என்றாள். முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள். சுகிர்தா அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கோகுலவாசன் வந்தான். பிரமிளா கூடவே வந்து சுவரோரம் நின்றார். பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்றார்கள். பூங்கா, ஊஞ்சல் எல்லாம் போய், பழைய நெத்திலி மேடு எழும்பியது. நீலத் தார்ப்பாய், மஞ்சள் துண்டு, டயர். வாசலில் ஒரு கொண்டை அசைந்தது. கஸ்தூரி வேலைக்குப் போகாமல் காத்திருந்தாள்.

கோகுலவாசன் மண்டியிட்டு, மோனிஷாவின் உயரத்துக்கு வந்தான். பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவதென்று பயிற்சி எடுத்தவன்.

"பயப்படாதம்மா. தெரிஞ்சா தெரியும்னு சொல்லு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. இது யார் வீடு?"

மோனிஷா சுகிர்தாவைப் பார்த்தாள். சுகிர்தா இமைகூட அசைக்காமல் நின்றாள். மோனிஷா மேசையில் அசைந்த கொண்டையைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை மனதில் என்ன ஓடியது என்பது ஒன்றும் ரகசியமில்லை. ஒருதரம் மிஸ் சொன்னபடி கேட்டாள்; வீட்டுக்கே வினை வந்தது, வாயும் கிழிந்தது. இந்தத் தரம் அம்மா பேச்சைக் கேட்கிறாள், அவ்வளவுதான். நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, மேடே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"இது எங்க வூடு! எனக்கு நல்லாத் தெரியும்! எங்க வூடு!"

பிறகு எங்கோ ஒரு விரல் உள்ளங்கையில் விழுந்தது. ரஹீமாதான். சரியான விடை ஆயிற்றே. அடுத்தது இரண்டு விரல், மூன்று, நாலு. முப்பத்தொரு பிள்ளைகளும் சேர்ந்துகொள்ள வகுப்பில் அடைமழை கொட்டியது. மோனிஷாவின் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது. வீட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

கோகுலவாசன் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. கையிலிருந்த கருவியில் விடையைப் பதியும் முன்பு ஒருமுறை நின்று, சுகிர்தாவின் பக்கம் திரும்பினான்.

"மேடம், நீங்க ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?"

கைப்பை அவள் தோளில்தான் இருந்தது. ஜிப்பைத் திறந்து எடுத்தால் நாலு வரி. பிரமிளா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடம். இன்னும் ஒரு மாதமும் சில்லறை நாட்களும். அவள் கை ஜிப் வரைக்கும் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"இல்ல சார்," என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து பதிமூன்றாம் நாள் இடித்தார்கள். பள்ளி நேரத்தில்தான் இடித்தார்கள். மேசையை அணைத்து வைக்கச் சொல்லி அன்று காலை ஒரு சுற்றறிக்கை வந்தது. சுகிர்தா அதை முழுதாகப் படித்துவிட்டுத்தான் 'கண்டேன்' போட்டாள். நாற்பத்தாறு குடும்பங்களையும் நகரத்துக்கு வெளியே எங்கோ அடுக்குமாடிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். லாரியில் ஏறும்போதும் யாரோ மோனிஷாவின் பெயரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றினார்களாம். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர்மேல் சிவப்புக் கோடு விழுந்தது. அடுத்த மாதம் சுகிர்தாவின் தகுதிகாண் பருவம் நல்லபடியாக முடிந்தது. பிரமிளா எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

ஆண்டுக் கடைசியில் வந்தது கடைசிப் பாடம், பத்தாவது, 'அன்றும் இன்றும்'. மேசை கால்வாய்க் கரையை எழுப்பியது. பூங்கா அச்சு அசலாகப் பிள்ளைகள் வைத்தபடியே வந்திருந்தது. வாத்துக் குளம், ஐஸ் வண்டி. ஓர் ஊஞ்சல் மட்டும் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கால்வாயைப் பார்த்து நின்றது. கீழே கேள்வி: இந்தப் பூங்கா வருமுன் இங்கே என்ன இருந்தது? விடைகள் மூன்று: ஏரி, வயல், காலியிடம். எல்லோருக்கும் எது சரியென்று தெரிந்துவிட்டது, ஒருவர் காலியிடத்தில் வைத்ததைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். பட்டை முப்பதில் நின்றது. மொத்தம் இப்போது முப்பத்தொன்று.

ரஹீமா பக்கத்தில் ஆளில்லாத இரண்டாவது பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மிஸ், இது மூணுமே இல்ல மிஸ்."

"ஏதாவது ஒண்ணு தொடு."

"இங்க மோனிஷா வீடுல்ல இருந்திச்சு?"

சுகிர்தா மேசையின் கீழ் ஓரத்தைப் பார்த்தாள். பொத்தான் இருக்கிறதா என்று தேடினாள். இந்தப் பாடத்தில் இல்லை. பட்டை ஆரஞ்சாய்ச் சிமிட்டிக்கொண்டிருந்தது, மணியடிக்க நாலு நிமிடம்.

"மிஸ், எதுவுமே சரியில்லன்னா எத மிஸ் தொடணும்?"

சுகிர்தா கையை நீட்டி, ரஹீமாவின் விரலைப் பிடித்தாள்.